கரடிக்காகத் தூங்கியவர்

தீபாவளிப் புகை இன்னும் டில்லியின் மயூர் விஹாரை விட்டுப் போகாத ஒரு காலையில் அந்தக் கதை எனக்கு வந்தது. குழந்தைகளுக்கான படப்புத்தகம். இமயமலைக் கருங்கரடி ஒன்று இலையுதிர் காலம் முழுக்கத் தின்று கொழுக்கிறது. பனி விழ ஆரம்பித்ததும் ஒரு மரப்பொந்தில் புகுந்து தூங்குகிறது. வசந்தத்தில் எழுந்து வெளியே வருகிறது. அவ்வளவுதான் கதை. மலைப் பக்கத்துப் பெண் ஒருவர் இந்தியில் எழுதியிருந்தார். பக்கத்துக்கு ஒரு வரி, சில பக்கங்களில் அதுவும் கிடையாது. மீதியைப் படம் சொல்லியாக வேண்டும்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. அதற்கும் முன்னால், புசா ரோடில் பள்ளிக்கூடம் போன காலத்தில், எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய உயிரியல் ரெக்கார்டில் இருந்த தவளை நான் போட்டதுதான். காக்காய், ஒட்டகம், ரயில், மழையில் நிற்கும் ஆட்டோ எல்லாம் யோசிக்காமலே கைக்கு வரும். கரடி மட்டும் போட்டதில்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, ஒத்துக்கொண்டேன்.

முதலில் மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். கரடி சுவர் ஓரமாக எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. "சோ ரஹா ஹை, மேடம். ஷாம் கோ ஆயியே" என்றார் காவலாளி. சொன்னபடி சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரமும் போனேன். கிடைத்ததெல்லாம் முதுகுதான். கறுப்பாக ஒரு மேடு. அதைக் கரி மூட்டை என்றாலும் நம்பலாம், மடித்து வைத்த பஞ்சு ரஜாய்ப் போர்வை என்றாலும் நம்பலாம். வீட்டுக்கு வந்து வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காது எவ்வளவு உருண்டை, மூக்கு எவ்வளவு நீளம், நகம் எங்கே வளைகிறது எல்லாம் மனப்பாடம் ஆயிற்று. ஆனாலும் தாளில் வந்தது பொம்மைக் கடையில் தொங்கும் கரடி.

பதிப்பகத்தில் என் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியை மென்மையாகப் பேசுகிறவர். பல வருடப் பழக்கம். முதல் ஓவியங்களை அனுப்பியதும் போன் செய்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்சம் நிறுத்தி, "காத்தடிச்சா உங்க கரடி பறந்துடும்போல இருக்கு" என்று இந்தியில் சொன்னார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்கும்போதுதான் சுருக்கென்றது. காலைத் தடிமனாக்கிப் பார்த்தேன். கரித்துண்டால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினேன். பொம்மை கறுத்ததே தவிர கனக்கவில்லை.

டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் டில்லியில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. நாங்களும் பாயையும் ஆரஞ்சுப் பழங்களையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். என் கணவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் இன்ஜினியர். வேலை கிடைத்துத் திருச்சியிலிருந்து வந்தபோது ஒல்லியாக இருந்தார் என்பதற்கு ஒரு போட்டோ மட்டும்தான் சாட்சி. நான் அறிந்தவரை பெரிய உடம்பு. அன்றைக்குச் சாப்பிட்டு, ஆரஞ்சு தின்று, வேர்க்கடலையும் தின்று, வெயிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் மேலே ஏறியிருந்தது. வயிறு அவர் பக்கத்தில் தனியாகப் படுத்திருந்தது. பாயின் மேல் வழிந்து, பரவி, அங்கேயே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே பாய் சுருங்கிக் கிடந்தது. கையில் அழுந்திய கன்னம் வாயை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. இத்தனை நாளாக எடையைக் கரடிக்குள்ளே போடப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது படுத்திருக்கும் இடத்தைக் கவனிக்கவே இல்லை. கீழே இருப்பது அமுங்கினால்தானே மேலே இருப்பது கனமாகத் தெரியும்! பையில் எப்போதும் கிடக்கும் சின்ன பேடை எடுத்து பால்பாயின்ட் பேனாவால் வரைய ஆரம்பித்தேன். முதலில் பாயின் சுருக்கம். அப்புறம் வயிறு. முகம் கடைசியில்தான்.

பக்கம் திருப்புகிற சத்தத்தில் விழித்துவிட்டார்.

"என்ன பண்றே?"

"கரடி வரையுதேன்."

பேடை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தார். "இது நானில்ல?"

"இப்போதைக்கு நீங்க. இனிமேத்தான் கரடி ஆகும்."

டில்லியிலேயே பிறந்து வளர்ந்தும் எங்கள் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சு என் நாக்கை விட்டுப் போகவில்லை. அவருக்கு அதில் ஒரு வேடிக்கை. "வரையுதியா? வரை, வரை. நான் மறுபடி தூங்கட்டுமா?"

"தூங்குங்க. ஆனா நடிக்கப்படாது. நெசமாத் தூங்கணும்."

"ஆபீஸ்ல இத்தனை வருஷம் தூங்கியிருக்கேன், ஒருத்தனும் படம் போடலை" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அன்றிலிருந்து கரடி வளர ஆரம்பித்தது. பேடில் கிடைத்த கோடுகளை நல்ல கெட்டித் தாளில் மெல்லிய பென்சிலால் ஏற்றுவேன். தோள்பட்டையை உயர்த்துவேன், கழுத்தைத் தடிப்பாக்குவேன், கையை முன்னங்காலாக்குவேன். வயிற்றையும் அது அமுங்கும் இடத்தையும் மட்டும் தொட மாட்டேன். பிறகு உடம்பு முழுக்கத் தண்ணீர் பூசி, தாள் பளபளவென்று ஈரமாக இருக்கும்போதே கறுப்பும் பழுப்பும் ஒரு துளி நீலமும் விடுவேன். வர்ணம் தானே ஊர்ந்து பரவிக் கலக்கும். அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். ரோமத்தை ஒவ்வொன்றாக வரைந்தால் கரடி துடைப்பமாகிவிடும். எல்லாம் காய்ந்த பிறகு ஓரத்தில், வயிறு புல்லைத் தொடுகிற இடத்தில் மட்டும், நாலு கோடு. அந்தப் புல் மடங்கிக் கிடக்க வேண்டும். முதல் படம் காய்ந்ததும் தூர வைத்துப் பார்த்தேன். காற்றென்ன, கிரேன் வைத்தாலும் அதைத் தூக்க முடியாது என்று தோன்றியது.

அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னைக்குக் கரடிக்கு என்ன வேலை?" தரையில் காலை அகட்டி உட்கார்ந்து, நடுவில் கடலைத் தட்டை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளித் தின்பார். மெட்ரோவில் வரும்போது கரடிகளைப் பற்றி வாசித்துவிட்டு வந்து எனக்குத் தகவல் சொல்வார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற எங்கள் மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, சச்சி, நெஜமாவே நீங்க நேச்சுரல் ஆக்டர்" என்றாள். ஜனவரி பிறப்பதற்குள் இலையுதிர் காலப் பக்கங்கள் எல்லாம் முடிந்தன. முன் அறைச் சுவர் முழுக்கக் கொழுத்த கரடியை ஒட்டி வைத்தேன். பழம் தின்னும் கரடி, தேன் நக்கும் கரடி, மல்லாந்து கிடக்கும் கரடி.

அடுத்தது, கரடி எழுந்து பொந்தை நோக்கிப் போகிற பக்கம்.

"தரையில உக்காந்து, கையூனி எந்திரிங்க. நான் சொன்னதும் பாதியில அப்படியே நில்லுங்க" என்றேன்.

எழுந்தார். "நில்லுங்க" என்றேன். நின்றார். முதுகின் வளைவைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. ஹீட்டர் போட்டும் விரல் விறைக்கிற ஜனவரிக் குளிரில் வியர்வை.

"கால் மரத்துப் போச்சா?"

"இல்ல. ஒரு நிமிஷம் இரு." தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் கையால் தடவிக்கொண்டார். "படியேறும்போது இப்படித்தான் வருது. இப்போ சும்மா நின்னாலே வருது."

"எப்போலேர்ந்து?"

"குளிருன்னு நினைச்சேன்."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு பரிசோதனையாகச் செய்து, ரத்தக் குழாய்களில் பல இடத்தில் அடைப்பு இருக்கிறது, நெஞ்சைத் திறந்து பைபாஸ்தான் செய்ய வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர். அவர் பேசியது நிதானமாக இருந்தது. என் கணவரும் நிதானமாகத் தலையாட்டினார். எனக்குத்தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பிடியை விட முடியவில்லை.

ஆபரேஷன் நடந்த காலையில் நானும் மகளும் வெளியே பெஞ்சில் இருந்தோம். என் பையில் வழக்கம்போல பேடும் பேனாவும் இருந்தன. எந்தத் துக்கத்திலும் வரைந்துகொண்டே இருப்பவர்கள் உண்டு. என்னால் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. மகள்தான் திறந்து பேடை எடுத்தாள். அவளுக்கு வரைய வராது, அதில் விருப்பமும் கிடையாது. ஏதோ கிறுக்கி என் மடியில் வைத்தாள்.

"அம்மா, யே தேக்கோ. கரடி."

உருளைக்கிழங்குக்கு இரண்டு காது முளைத்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து, "டென்ஷன் ஆகாதீங்கம்மா, அப்பா ஸ்ட்ராங்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தார். நெஞ்செலும்பு கூடும்வரை ஒருக்களிக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இருமுவார். சாப்பாடு எதுவும் ருசிக்கவில்லை. எதை வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்றார். உடம்பு கண்ணெதிரே வற்றியது. நான் பார்த்தே இராத கழுத்தடிக் காறையெலும்புகள் வெளியே வந்தன. மோதிரம் கழன்று கழன்று விழுந்ததால் அலமாரியில் எடுத்து வைத்துவிட்டோம்.

ஒரு மாலை முன் அறைக்கு நடந்து வந்தவர் சுவருக்கு முன்னால் நின்றார். மல்லாந்து கிடக்கும் கரடியை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இவன்?"

"நீங்கதான்."

"இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆள் தெரியாமல் யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். மறுநாள் படங்களையெல்லாம் எடுத்து உறைக்குள் வைத்துவிட்டேன். காலியான சுவரை அவர் பார்த்தார்.

ஆசிரியை அவசரமில்லை என்று சொல்லியிருந்தார். கணவர் பகலில் தூங்குகிற நேரங்களில் நான் மெல்ல வேலையைத் தொடங்கினேன். பொந்துக்குள் தூங்கும் பக்கங்கள் பழைய கோட்டோவியங்களிலிருந்தே வந்துவிட்டன. வசந்தம்தான் வரவில்லை. இளம் பச்சை நன்றாக அமைந்தது, மலைச் சரிவில் சிவப்புப் பூக்கள் நன்றாக அமைந்தன, அவற்றின் நடுவில் கொழுத்த கரடி மட்டும் வெட்டி ஒட்டிய மாதிரி நின்றது. வெளிச்சத்தை மாற்றினேன், தாளை மாற்றினேன், தூரிகையை மாற்றினேன். நல்ல தாள் எத்தனையோ பாழாயிற்று. களைப்பினால் கை ஒத்துழைக்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் கை நன்றாகத்தான் இருந்தது. நான் எதையும் பார்த்து வரையாமல், என் பழைய கோடுகளையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதத்தில் காலை நடைக்கு டாக்டர் அனுமதித்தார். பக்கத்துப் பூங்காவில் இலவ மரத்துச் சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாய் விழுந்து கிடந்தன. அவர் மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"கரடி எந்திரிச்சுதா?" என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு கரடியைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மாட்டேங்குது."

"ஏன், என்ன பண்ணுது?"

"வெளியே வருது. ஆனா பொம்மையா நிக்கி."

பெஞ்சில் உட்கார்ந்தோம். மூச்சு சீரானதும், ஆபீசில் வரைபடம் பார்க்கிற குரலில் கேட்டார்: "குளிர்காலம் பூரா ஒண்ணும் திங்காம தூங்கியிருக்கு. இல்லையா?"

"ஆமா."

"அப்புறம் எப்படி அதே குண்டா வெளியே வரும்? கணக்கு இடிக்குதே."

எனக்கு இது தெரியாததல்ல. வேலையை ஆரம்பிக்கும்போதே வாசித்திருந்தேன், கரடி எழும்போது இளைத்துத்தான் இருக்கும் என்று. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த கொழுத்த கரடியை விட மனமில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவரே கேட்டுவிட்டார்.

"என்னைப் பார்க்க உனக்குப் பயமா இருக்கா?"

"இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, லேசா" என்றேன்.

"எனக்கும்தான். குளிக்கும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பறதில்ல." மடியில் விழுந்த ஒரு பூவை எடுத்து ஓரமாக வைத்தார். "வீட்டுக்குப் போய் உக்காரட்டுமா?"

பால்கனியில் வெயில் இதமாக இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுப் பிரம்பு மோடாவில் உட்கார்ந்தார். நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாகத் தழும்பு. "உன் கரடிக்கு நெஞ்சுல வெள்ளையா ஒரு கோடு இருக்கும்ல? எனக்கும் போட்டுட்டாங்க பாரு" என்றார். நான் சிரித்தேன். கண்ணில் நீர் கட்டி, தாள் கொஞ்ச நேரம் சரியாகத் தெரியவில்லை.

பிறகு பார்த்தேன். மேல்கைத் தோல் தளர்ந்து தொங்கியது. தோள்பட்டை எலும்புகள் இறக்கை மாதிரி பிதுங்கியிருந்தன. ஆனால் அவர் உட்கார்ந்த விதம் மாறவில்லை. முன்பு இருந்த வயிற்றுக்கு இடம் விட்டு, முழங்கால்களை அகட்டித்தான் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் காலியாக இருந்தது. நான் முதலில் போட்டது அதைத்தான். இல்லாத வயிற்றுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கும் கரடி.

இந்தத் தடவை தாளை நனைக்கவில்லை. சொரசொரப்பான தாளில் உலர்ந்த தூரிகையை இழுத்தேன். வர்ணம் திட்டுத் திட்டாகப் பிடித்தது, இடையில் தாளின் வெள்ளை தெரிந்தது. தளர்ந்த தோலின் மடிப்புகளைப் பென்சிலாலேயே விட்டுவிட்டேன். அதுவரை தின்றும் தூங்கியும் கிடந்த கரடிக்கு நான் கண்ணே சரியாகப் போட்டதில்லை. இப்போது கண் திறந்தாக வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரரையும், விலைக்கு மல்லுக்கட்டும் ஒரு பெண்மணியையும் சுவாரஸ்யமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

படங்களை அனுப்பியதும் ஆசிரியை கூப்பிட்டார். ரொம்ப அழகு என்றார். ஆனால் குழந்தைகள் பயந்துபோவார்களே, கரடிக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பார்களே, கொஞ்சமாவது சதை போட முடியுமா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

கணவர் உள்ளேயிருந்து வந்தார். "குண்டாக்கச் சொல்றாங்களா?"

"ஆமா."

"உன் இஷ்டம்" என்றார். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

ஆசிரியை சொன்னதிலும் நியாயம் இருந்தது. கரடி நன்றாக இருக்கிறது என்பது குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும். சதை போடாமல் அதை எப்படிச் சொல்வது என்று இரண்டொரு நாள் யோசித்தேன். பதில் எங்கள் வீட்டு நிலைக்கதவில் கிடைத்தது. காயம் ஆறுகிற நாட்களில் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கையை முதுகுக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு காலையில் கதவு நிலையில் முதுகை வைத்து, கண்ணை மூடி, வாயைப் பிளந்து, மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொண்டையிலிருந்து ஒரு சுகமான உறுமல் வந்தது.

"அசையாதீங்க" என்று கத்தினேன்.

"அசைஞ்சாத்தான்டி சுகமே" என்று தொடர்ந்து தேய்த்தார்.

அசைவோடேயே வரைந்தேன். தேவதாரு மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும் ஒல்லிக் கரடி, புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் அடைத்துக்கொண்டு, எழுத்தே இல்லாமல். ஆசிரியைக்கு அனுப்பிவிட்டு, இதற்கு மட்டும் கூடுதலாக இடம் கொடுங்கள், மற்றதை மாற்றச் சொல்லாதீர்கள் என்றேன். போனில் சிரிப்புக் கேட்டது. "ஹான், அப் டீக் ஹை" என்றார். ஆமாம், இப்போது சரி. கரடி இளைத்தபடியே அச்சுக்குப் போனது.

புத்தகம் வந்தபோது அடுத்த குளிர்காலம் ஆரம்பித்திருந்தது. அவர் ஆபீஸ் போகத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, இதற்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் எச்சரிக்கிற அளவுக்கு. லோதி ரோடு பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் குழந்தைகளுக்கு வாசித்துக்காட்டக் கூப்பிட்டார்கள். அவரும் வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கரடி தின்னும் பக்கங்களுக்குக் குழந்தைகள் சிரித்தார்கள். தூங்கும் பக்கத்தில் இரண்டு பேர் குறட்டை விட்டுக் காட்டினார்கள். வசந்தப் பக்கத்தைத் திருப்பியதும் அமைதியானார்கள். முன்னால் சம்மணமிட்டிருந்த இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி புத்தகத்தின் அருகில் வந்து உற்றுப் பார்த்தாள்.

"இஸ்கோ பூக் லகீ ஹை" என்றாள். இதுக்குப் பசிக்குது. அவ்வளவுதான். உடம்பு சரியில்லை என்று யாருமே சொல்லவில்லை.

"இப்போ என்ன சாப்பிடும்?" என்று இன்னொரு பையன் இந்தியில் கேட்டான். நான் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து, இத்தனை வருடமாகியும் திருச்சியை விடாத இந்தியில் பதில் வந்தது.

"பெஹலே காஸ். ஃபிர் சீண்டீ."

முதலில் புல், அப்புறம் எறும்பு. எறும்பு என்றதும் அறை முழுக்க "சீ" என்று சத்தம். எல்லோரும் திரும்பி அந்தப் பெரியவரைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இரட்டைப் பின்னல் கேட்டாள்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "கரடிகிட்டயே கேட்டேன்" என்று இந்தியில் சொன்னார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

யாரும் சந்தேகப்படவில்லை. அது எங்கே இருந்தது, கடித்ததா, கையைக் கொடுத்ததா என்று கேட்டுக்கொண்டே குழந்தைகள் அவர் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் விவரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, அவர்கள் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன்.